முப்பத்தொன்றாவது வரி

“ரெண்டுல உங்களோடது எது?”

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வகுப்பு டீச்சர் அவளிடம் இப்படிக் கேட்டார். கையில் ஒரு படிவம். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் பேனா நின்றுகொண்டிருந்தது. முட்டைக்கார் டிரைவிங் ஸ்கூல் என்று எழுதப் போனவர், அந்தப் பெயரில் இப்போது இரண்டு இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள். அப்பாவுடையது எது என்று தெரியும். அதற்கு முந்தைய மாதம் வரை அது சித்தப்பாவுடையதாகவும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மணி அடிக்கும்வரை நின்றாள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மறுவாரம் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தாள். அடுத்த வருஷம் வயிற்றுவலி அதிகமாகி, பள்ளிக்கூடம் குறைந்து, ஒரு நாள் நின்றே போயிற்று.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதனால் சித்தப்பா வைத்த பெயர். வைத்தவர் பிரிந்து போன பிறகும் பெயர் மட்டும் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

அண்ணனும் தம்பியும் பிரிந்த கதை வாசகர்களுக்குத் தெரியும். இருந்தது இரண்டு கார். உருண்டையாக, வெள்ளையாக இருக்கும் பழைய முட்டைக்கார் அண்ணனுக்கு. சாம்பல் நிறக் கார் தம்பிக்கு. எல்லாவற்றையும் பிரித்தார்கள், பெயரை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பியிடம் முட்டைக்காரே கிடையாது. ஆனாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் மாட்டிய பலகையில் முட்டைக்கார் டிரைவிங் ஸ்கூல் என்றுதான் இருக்கிறது.

வெப்சைட் வேலை செய்யும் அத்தான், “ஒரே மாசத்துல பாருங்க மாமா, போன் ஓயாது” என்று மாமனாரிடம் சவால் விட்டுப் போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

மாசம் முடிந்தது. போன் ஓயவில்லை. அதுதான் இப்போது பிரச்சினை.

*

காலை ஆறே முக்காலுக்கு முதல் அழைப்பு வந்தது. அப்பா காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வாயாடி போனைத் தொட மாட்டாள் என்பதால் அம்மாதான் எடுத்தாள்.

பேசியது ஒரு பெண். லேடி இன்ஸ்ட்ரக்டர் இருப்பதாகப் போட்டிருக்கிறதே, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டாள். அம்மா, அப்படி யாரும் இல்லை என்றாள். இருப்பதாகத்தான் தெரிகிறது, நீங்கள்தானா அது என்று அந்தப் பெண் விடாமல் கேட்டாள்.

“நானா? நான் ஓட்டினது தையல் மிஷின் ஒன்னுதாம்மா” என்றாள் அம்மா.

வைத்த கை எடுக்கும் முன் அடுத்தது. அதற்கும் அதே கேள்வி. மூன்றாவதாகப் பேசியவர், போன் காட்டிய வழியில் வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறாராம். கதவு பூட்டியிருக்கிறதாம், எந்த மாடி என்று கேட்டார். அம்மா போனை வைத்துவிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ற வார்த்தையையே இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

“ஏன்டி, நம்ம கடை எங்கடி இருக்கு?” என்று மகளிடமே கேட்டாள்.

வாயாடி ஜன்னலோரம் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மேஜை அது. பள்ளிக்கூடம் நின்ற பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் அவள் எந்த அறையில் இருந்தாலும் அந்த அறையில் யாருக்காவது இடைஞ்சலாக இருந்தாள். போன மாதம்தான் அத்தான் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இந்த மேஜையில் வைத்து, உட்கார் என்றார். அன்றிலிருந்து அவளுக்கு உட்கார ஓர் இடம் உண்டு.

அந்தக் கம்ப்யூட்டரில், முப்பத்தொன்றாவது வரியில், என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

*

அப்பா ஏழரைக்கே திரும்பிவிட்டார். ஒன்பது மணிவரை வகுப்பு இருக்க வேண்டிய நாள். கார் சாவியை ஆணியில் மாட்டாமல் மேஜைமேல் போட்டார். அவர் சாவியை ஆணியில் மாட்டாத நாட்களில் யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது நல்லது.

அம்மா கேட்டாள். நடந்தது மெல்ல வெளியே வந்தது.

பேக்கரி வைத்திருக்கும் ஒரு பெண்மணி மைதானத்து ஓரத்தில் வந்து ஏறினாராம். சீட்டைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, ஹாஃப் கிளட்சில் காரை அழகாக நகர்த்தினாராம். புது ஆள் இப்படி எடுக்கிறாரே என்று அப்பாவுக்கு ஆச்சரியம். முன்னால் எங்காவது கற்றீர்களா என்று விசாரித்தால், நேற்று உங்கள் ஸ்கூலில்தானே கற்றேன் என்றாராம்.

“நேத்து ஒரு அம்மா சொல்லிக்குடுத்தாங்களாம். இன்னிக்கு நான் வந்து நிக்கறேனாம். கார் வேற, ஆள் வேற, இருந்தாலும் தீப்பெட்டி அதேதானேன்னு ஏறிட்டாங்களாம்” என்றார் அப்பா.

தீப்பெட்டி என்பது முட்டைக்கார் ஸ்கூலின் அடையாளம். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு காலித் தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். கிளட்சை விடும்போது அது விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. விழாமல் மூன்று தடவை எடுத்துவிட்டால்தான் ரோட்டுக்குப் போகலாம். ஆரம்பித்து வைத்தது சித்தப்பா. பிரிந்த பிறகும் இரண்டு காரிலும் தீப்பெட்டி நின்றுகொண்டிருந்தது போலிருக்கிறது. இன்றுதான் அப்பாவுக்கே தெரிந்தது.

“என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“அது வேற ஸ்கூல், இது வேற ஸ்கூல்னு சொன்னேன். அந்தம்மா போனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டுறாங்க. இல்லையே, ஒரே ஸ்கூல்தான்னு இதுல போட்டிருக்கேங்கறாங்க. நான் ஸ்கூல் நடத்துறேன், எனக்குத் தெரியாது, போனுக்குத் தெரியுமாம்.”

அந்த அம்மாள் லேடி இன்ஸ்ட்ரக்டர்தான் வேண்டும் என்று பாதியில் இறங்கிப் போய்விட்டாராம். முப்பது வருஷத்தில் அப்பாவின் காரிலிருந்து ஒருவர் தானாக இறங்கிப் போனது இதுதான் முதல் தடவை.

அப்பா ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தபடி நின்றார். முனையில் இடப்பக்கம் திரும்பினால் மைதானம். வலப்பக்கம் பாலம், அதைத் தாண்டினால் தம்பி வீடு. ஐந்து வருஷமாக முட்டைக்கார் வலப்பக்கம் திரும்பியதில்லை. பாலத்தடியில் பெட்ரோல் பங்க் இருந்தும் அப்பா ஊரைச் சுற்றிப்போய்ப் போட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொரு தடவையும் முனையில் இடது இண்டிகேட்டர் தவறாமல் எரியும். தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் எரியும். கற்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே அதுதான். யாரும் இல்லாட்டியும் போடு, எங்க போறேன்னு சொல்லாம போறவன் டிரைவரே இல்ல என்பார்.

“மாப்பிள்ளையை வரச் சொல்லு” என்றார்.

*

அத்தான் வரும்போதே முகம் சரியில்லை. வழியிலேயே போனில் பார்த்துவிட்டார். அவருக்கும் இன்று ஒரு நெருக்கடி. நாற்பது டிரைவிங் ஸ்கூல்கள் சேர்ந்த சங்கம், எல்லாருக்கும் அவரையே வெப்சைட் செய்யச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாதிரிக்கு மாமனார் ஸ்கூலைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மாலை ஐந்து மணிக்குள் காட்ட வேண்டும். இது போனால் வேறு ஊருக்குப் போய் மாதச் சம்பளத்துக்கு உட்காருவதுதான் வழி என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா அதைத் தங்கையிடம் சொல்லி அழுதிருந்தாள்.

மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து ஸ்கூல் பெயரைப் போட்டார். தேடும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி வந்தது. மேலே படம். கீழே முகவரி, அது பாலத்துக்கு அந்தப் பக்கத்து முகவரி. போன் நம்பர் இரண்டு. நேரம், காலை ஆறு முதல் பதினொன்று வரை. பயிற்சியாளர்கள் இரண்டு பேர். ஒன்று அப்பா. இன்னொன்று சித்தி.

“இதை யார் எழுதினது?” என்றார் அப்பா.

“யாரும் எழுதல மாமா. அதுவா கோத்துக்குச்சு. இப்ப தேடுற முறையே மாறிடுச்சு. செமான்டிக் வெப்னு சொல்வாங்க.”

“மருந்துப் பேரு மாதிரி இருக்கு.”

சாவியோடு அப்பா கொண்டுவந்து போட்டிருந்த தீப்பெட்டியை அத்தான் எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு எதையாவது நிறுத்தியாக வேண்டும்.

“முன்னாடியெல்லாம் தீப்பெட்டின்னு தேடினா, அந்த எழுத்து எங்கெல்லாம் இருக்கோ அத்தனையும் அள்ளிக்கிட்டு வரும். நாம உக்காந்து பொறுக்கணும். இப்ப அப்படியில்ல. தீப்பெட்டின்னா என்ன, உள்ள என்ன இருக்கும், எந்தக் கடையில கிடைக்கும், அந்தக் கடைக்காரர் யாரு, இப்ப திறந்திருக்காரா, எல்லாத்தையும் ஒன்னோட ஒன்னு முடிச்சுப் போட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கு.”

“தெரிஞ்சு வச்சிருக்கா, நினைச்சுக்கிட்டிருக்கா?”

அத்தான் தீப்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அந்தக் கேள்வி அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை போலும்.

“நாம சொல்றதைத் தெரிஞ்சு வச்சிருக்கு” என்றார்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் பாதி விளக்கம், பாதிப் புலம்பல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஸ்கூலுக்காக ஒரு ஸ்டியரிங் வரைந்திருந்தார். பக்கத்தைக் கீழே தள்ளத் தள்ள அது சுற்றும். மூன்று வாரம் கண்விழித்துச் செய்தது. போன மாதம் அதைச் சுற்றிப் பார்த்தவர்கள் பதினொரு பேர், அதில் ஒன்பது தடவை அவரே. ஜனங்கள் இப்போது பக்கத்துக்குள் வருவதே இல்லை. வாசலில் இருக்கிற பெட்டியிலேயே பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் வெப்சைட் செய்கிறவன் மனிதக் கண்ணுக்கு அலங்காரம் செய்து புண்ணியமில்லை. எது பெயர், எது நேரம், எது யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, இயந்திரம் படிக்கும்படி வைக்க வேண்டும். அதைத்தான் இந்த மாதம் நாம் செய்தோம் என்றார்.

“நாமன்னா?” என்றார் அப்பா.

“நான்தான் மாமா” என்றார் அத்தான். வாயாடியைப் பார்க்காமல்தான் சொன்னார். அவள்மேல் சந்தேகம் வந்ததாகவே தெரியவில்லை.

“சரி. சொல்லிக்குடுத்தது நீங்கன்னா, இல்லேன்னு சொல்றதும் நீங்கதானே? இப்பவே சொல்லிடுங்க.”

அது அப்படி உடனே மறக்காது, திருத்தினாலும் சில நாள் ஆகும், முதலில் எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார் அத்தான். அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தப்பு என்று தெரிந்த பிறகும் உடனே பிரேக் போட முடியாத ஒரு வண்டியை எதற்கு ரோட்டில் விட்டீர்கள் என்று கேட்டார். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் காலுக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலுக்கு ஒன்று. இதில் இரண்டாவது பிரேக் எங்கே?

அத்தான் எழுந்தார். தேடிப் பார்க்கிறேன் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

*

நடந்தது இதுதான்.

அத்தான் அவளுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். நூற்று நாற்பது வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஒரு பொருள், மூன்றாவதில் இன்னொரு பொருள், நடுக்கட்டத்தில் இரண்டுக்கும் என்ன உறவு என்பது. ஸ்கூல், இருக்கும் இடம், இந்தத் தெரு. அப்பா, சொல்லிக்கொடுப்பது, இந்த ஸ்கூலில். கார், உடையவர், அப்பா.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. யாரும் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கட்டம் காத்திருந்தது. ஒரு நாள் முழுக்க யோசித்தாலும் சிரிக்கவில்லை. பாயை யார் மடிப்பது, யாருடைய செருப்பு எங்கே கிடக்கும் என்று வீட்டில் உள்ள அத்தனையையும் மூன்று கட்டத்தில் போட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

முப்பத்தொன்றாவது வரியில் நடுக்கட்டம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. ‘இதுவும் அதுவும் ஒன்றே.’ நம் ஸ்கூலைப் பற்றி வேறு எங்காவது பக்கம் இருந்தால் அதன் முகவரியை மூன்றாவது கட்டத்தில் போடு, அப்போதுதான் இரண்டும் ஒரே ஸ்கூல் என்று தேடுகிற இயந்திரத்துக்குப் புரியும் என்று அத்தான் சொல்லியிருந்தார்.

அவள் தேடினாள். ஊர்க் கடைகளையெல்லாம் பட்டியல் போடும் ஒரு தளத்தில் பழைய பக்கம் ஒன்று கிடைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன் போட்டது. படத்தில் முட்டைக்கார். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் சித்தப்பா. பானெட்மேல் ஏழு வயதில் அவள், ஒரு காலில் செருப்பு இல்லாமல். செருப்பு சித்தப்பா கையில் இருந்தது.

படத்துக்குக் கீழே போன் நம்பர். அதைப் பிறகு யாரோ மாற்றியிருந்தார்கள். சித்தியின் நம்பர். அது அவளுக்கு மனப்பாடம்.

அவள் அந்த முகவரியை எடுத்து மூன்றாவது கட்டத்தில் போட்டாள்.

நம்பரைப் பார்த்துவிட்டுப் போட்டாளா, போட்ட பிறகு பார்த்தாளா? ஒரு மாதமாக இதைத்தான் யோசிக்கிறாள். தெரிந்து செய்தாள் என்றால் அது துரோகம். தெரியாமல் செய்தாள் என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் இருந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

*

பகல் மூன்று மணிக்குப் போன் அடித்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் காரின் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இல்லாத கல்லை நோண்டிக்கொண்டிருந்தார். எட்டாவது தடவை மணி அடித்தபோது வாயாடி எடுத்தாள். எடுத்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.



“வாயாடியா?” என்றது குரல். “நீ பேசாம இருக்கறதுலயே தெரியுதுடி.”

சித்தி. ஐந்து வருஷம்.

“உங்க அப்பாவைத் தேடி வந்தவங்க ஆறு பேர் என்கிட்ட வந்து நிக்கறாங்க. நான் எடுத்துக்கல. எல்லாரோட பேரும் நம்பரும் சொல்றேன், எழுதிக்கோ. நாளைக்குப் பின்ன, ஆளைப் புடிச்சு வச்சுக்கிட்டான்னு ஒரு பேச்சு எனக்கு வேண்டாம்.”

வாயாடி எழுதினாள். ஒவ்வொரு பெயராகச் சித்தி நிதானமாகச் சொன்னாள். பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. சித்தி போனை மூடிக்கொண்டு யாரிடமோ, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் வர்றேன் என்றாள். மூடியும் கேட்டது.

ஆறாவது பெயர் முடிந்ததும் வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. வாயாடி பேனாவைக் கீழே வைத்தாள்.

“சித்தப்பா எங்க?”

“இருக்காரு.”

அதற்குமேல் சொல்வாள் என்று காத்திருந்தாள்.

“எழுதிட்டியா எல்லாத்தையும்?” என்றாள் சித்தி. “நல்லா இரு.” வைத்துவிட்டாள்.

*

நாலரைக்கு அத்தான் பின்னறையிலிருந்து வந்தார். கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஒரு வரியாம். பழைய பக்கம் ஒன்றை நம்முடையது என்று சொல்லிவிட்டதால் அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் நம் தலையிலும், நம்மிடம் இருந்ததெல்லாம் அவர்கள் தலையிலும் ஏறிவிட்டதாம்.

“என் தப்புதான் மாமா. நூத்து நாப்பது வரியையும் திரும்பப் பாத்திருக்கணும். பாக்கல. சங்கத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அப்பா கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே வந்தார். குரல் ஏறவில்லை. மரியாதை குறையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நீங்க நல்லா படிச்சவங்க மாப்பிள்ளை. நான் குறை சொல்லல. அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. போன் வராட்டாப் பரவாயில்ல. வர்றவன் பலகையைப் பாத்து வரட்டும்.”

அத்தான் குனிந்து மேஜைக்கு அடியில் ஒயரைப் பிடுங்கப் போனார். வாயாடியின் காலுக்குப் பக்கத்தில் அவர் கை துழாவியது.

“முப்பத்தொன்னாவது வரி” என்றாள் அவள்.

யாரோ வெளியாள் பேசியது போல இருவரும் வாசலைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

“அத்தான் போடல. நான் போட்டது.”

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர முதலில் புரிய வேண்டும். “நீயா? எதுக்கு?”

மறுபடி ஒரு கேள்வி. மறுபடி எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் இந்த முறை அவள் உட்கார்ந்திருந்தாள். மேஜை இருந்தது.

“ரெண்டும் ஒன்னான்னு அதுல கேட்டிருந்துச்சு” என்றாள். “படத்துல நாம எல்லாரும் இருந்தோம். ஆமான்னு போட்டேன்.”

“நம்பரைப் பாக்கலையா நீ?”

“பாத்தேனான்னு தெரியலப்பா.”

அது பொய் இல்லை என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ, மேலே கேட்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். காலையிலிருந்து அவர் அந்தப் பெட்டியைக் கோபத்தோடு பார்த்தாரே தவிர படிக்கவில்லை. இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவை ரோட்டுக்கு வருகிறவனைப் போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பெயர். முகவரி. நேரம். பயிற்சியாளர்கள்.

விரல் நின்றது.

“அவன் பேரைக் காணோமே?”

அத்தான் குனிந்து பார்த்தார். “அவங்க பக்கத்துல சித்தி பேரு மட்டும்தான் மாமா இருக்கு.”

“அது எப்படி? ஸ்கூலே அவனோடது.”

“முன்னாடி ரெண்டு பேரும் இருந்திருக்காங்க. எடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் ஆகுது.”

அப்பாவின் விரல் ஒரு வரி மேலே ஏறியது. காலை ஆறு முதல் பதினொன்று வரை. அதைத் திரும்பப் படித்தார். உதடு அசைந்தது.

“சாயந்தரம் போடலையே” என்றார். “சாயந்தரம் அவனோடதாச்சே.”

காலை வகுப்பு அண்ணனுக்கு, மாலை வகுப்பு தம்பிக்கு. தம்பிக்கு வெயில் சாய்ந்த பிறகுதான் கை ஓடும் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள். பிரிந்த பிறகும் அவரவர் தங்கள் வேளையை விடவில்லை. மாலை ஐந்துக்குச் சாம்பல் நிறக் கார் மைதானத்துக்கு வரும் என்பதால், பகலில் வகுப்பு நீண்டாலும் அப்பா நாலரைக்கே மைதானத்தை விட்டு வந்துவிடுவார். ஐந்து வருஷமாக அப்படித்தான். இரண்டு மாதமாக அந்தக் கார் வரவில்லை என்பதை, அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே கிளம்பி வந்துவிடுகிறவர் எப்படி அறிவார்?

“யாராவது எதாவது சொன்னாங்களா?” என்று பொதுவாகக் கேட்டார். அம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள். இல்லை என்று தலையாட்டினாள்.

வாயாடி காகிதத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். ஆறு பெயர், ஆறு நம்பர்.

“சித்தி போன் பண்ணாங்க. வந்தவங்களை எடுத்துக்கலையாம். திருப்பிச் சொன்னாங்க.” இன்றைக்குப் பத்து வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. “சித்தப்பா எங்கன்னு கேட்டேன். இருக்காருன்னு சொன்னாங்க. பக்கத்துல யாரையோ எழுந்திருக்காதீங்கன்னு சொன்னாங்க.”

மேஜைமேல் தீப்பெட்டி நின்றுகொண்டிருந்தது.

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம். பட்டியலைத் திறந்து முப்பத்தொன்றாவது வரிக்கு வந்தார். அழிக்கும் பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு மாமனாரை நிமிர்ந்து பார்த்தார்.

“எடுத்துடட்டுமா மாமா?”

அப்பா அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேஜைமேல் கிடந்த கார் சாவியை எடுத்தார். கூடவே தீப்பெட்டியையும். சாவி எடுக்கும்போது கை பட்டு அது சாய்ந்தது. விழுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

“ஏங்க” என்றாள் அம்மா.

கதவு திறந்தது. கார்க் கதவு மூடியது. முட்டைக்கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது.

வாயாடி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தாள். கார் முனைக்குப் போய் நின்றது. பின்னால் யாரும் இல்லை. எதிரிலும் இல்லை. நின்றது நின்றபடி இருந்தது. இடது விளக்கு எரியும் என்று பார்த்தாள். எரியவில்லை. வலது விளக்கைப் பார்த்தாள். அதுவும் எரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் முனைக்கு வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டு, ஆடி அசைந்து கிளம்பியது. அது போன பிறகு முனையில் கார் இல்லை.